வயிற்றுச் சவ்வில் தழும்பு ஏறுவதைத் தள்ளிப்போடுவது எப்படி: பெரிடோனியல் டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் வீட்டாருக்கும்

பெரிடோனியல் டயாலிசிஸ் என்றால், பையிலுள்ள சர்க்கரைத் திரவத்தைக் குழாய் வழியே வயிற்றுக்குள் ஏற்றி, சில மணி நேரம் வைத்து, உடம்பின் கழிவோடும் கூடுதல் நீரோடும் வடித்தெடுப்பது. சர்க்கரை குறைந்த மஞ்சள் பையிலேயே தண்ணீர் நன்றாக இறங்கிக்கொண்டிருந்தவருக்கு இரண்டு மூன்று வருடத்தில் சர்க்கரை கூடிய பச்சைப் பை தேவைப்படுகிறது. இன்னும் சில வருடம் போனால், எல்லாவற்றிலும் அடர்த்தியான சிவப்பு இல்லாமல் கால் வீக்கம் வடிவதில்லை. வீட்டில் இதை "மருந்து உடம்புக்குப் பழகிப்போச்சு" என்பார்கள். மருந்து பழகிவிடவில்லை. வயிற்றுச் சவ்வு தடித்துத் தழும்பேறியிருக்கிறது. அந்தத் தழும்பைப் போடவைப்பது கிருமி அல்ல, நம்முடைய நோய் எதிர்ப்பு அணுக்கள். காயத்தை ஆற்ற வந்தவை, காயம் தினமும் புதிதாக ஏற்படுவதால் வேலையை நிறுத்தத் தெரியாமல் நிற்கின்றன.

ஏறிய தழும்பைக் கரைக்க நிரூபணமான மாத்திரை இன்றுவரை இல்லை. அதனால் இங்கே சொல்வதெல்லாம் தள்ளிப்போடும் வழிகள். வீட்டில் செய்ய வேண்டியவை பாதி, மருத்துவமனையில் கேட்டுப் பெற வேண்டியவை பாதி. பையின் அடர்த்தி, மருந்தின் அளவு ஆகியவற்றை நீங்களாக மாற்றக் கூடாது. அது உங்கள் சிறுநீரக மருத்துவரும் பெரிடோனியல் டயாலிசிஸ் நர்ஸும் எடுக்கும் முடிவு.

சவ்வுக்குள் என்ன நடக்கிறது

பெரிடோனியம் என்பது குடலையும் வயிற்றுச் சுவரின் உட்புறத்தையும் போர்த்தியிருக்கும் வழவழப்பான உறை. மேலே ஒற்றை அடுக்காக மீசோதீலியல் அணுக்கள், கீழே கொஞ்சம் இணைப்புத் திசு, அதனுள் நுண் ரத்தக் குழாய்கள். மீசோதீலியல் அடுக்குக்குக் கீழே உள்ள அந்தத் திசுவின் தடிமனை அளந்த பயாப்ஸி பதிவேடு ஒன்று 2002-இல் வெளியானது. ஆரோக்கியமானவர்களிடம் 50 மைக்ரோமீட்டர். சிறுநீரகம் செயலிழந்து, இன்னும் டயாலிசிஸ் தொடங்காதவர்களிடமே 140. பெரிடோனியல் டயாலிசிஸ் செய்பவர்களிடம் சராசரியாக 270. எட்டு வருடம் தாண்டியவர்களிடம் 700. முதல் இரண்டு எண்களைக் கவனியுங்கள்: பை போடும் முன்பே யூரியா ஏறிய ரத்தம் வேலையைத் தொடங்கிவிடுகிறது. அதன் மேல்தான் நாம் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றுகிறோம்.

எவ்வளவு சர்க்கரை? ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் டெசிலிட்டருக்குச் சுமார் 100 மில்லிகிராம் குளுக்கோஸ். 1.5% பையில் 1360. 4.25% பையில் 3860. வழக்கமான பைகளின் அமிலத்தன்மையும் அதிகம், பிஎச் 5.5-ஐ ஒட்டி. சர்க்கரைக் கரைசலை வெப்பத்தால் கிருமி நீக்கும்போது, பாகு காய்ச்சினால் நிறம் மாறுவதுபோல, குளுக்கோஸ் கொஞ்சம் சிதைகிறது. அந்தச் சிதைவுப் பொருட்கள் புரதங்களில் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய புரதங்களை மீசோதீலியல் அணுக்களும், மேக்ரோஃபேஜ்கள் என்ற எதிர்ப்பு அணுக்களும் ஆபத்து அறிகுறியாக எடுத்துக்கொண்டு, இன்டர்லியூகின்-6, விஇஜிஎஃப், டிஜிஎஃப்-பீட்டா போன்ற தூதுகளை அனுப்புகின்றன.

இந்தத் தூதுகளால் விளைவது இரண்டு. இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் பரிசோதனைகள் எளிதாகும். விஇஜிஎஃப் புதிய ரத்தக் குழாய்களை முளைக்க வைக்கிறது. குழாய் கூடினால் பையிலுள்ள சர்க்கரை ரத்தத்துக்குள் விரைவாக உறிஞ்சப்படும். சர்க்கரை போனபின் நீரை இழுக்க ஆளில்லை. டிஜிஎஃப்-பீட்டா கொலாஜன் நார்களைப் போடவைக்கிறது. அது கூடினால், சர்க்கரை பையில் இருந்தாலும்கூட நீர் தழும்பைத் தாண்டி வரத் திணறும். முதலாவது முன்னதாகவே வரும், ஓரளவு சமாளிக்கலாம். இரண்டாவதுதான் உண்மையான தழும்பு.

கொலாஜன் போடும் அணுக்கள் எங்கிருந்து வருகின்றன என்பதில் சண்டை தீரவில்லை. மீசோதீலியல் அணுக்களே உருமாறி நார் போடும் அணுக்களாகின்றன என்று 2003-இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் நோயாளிகளின் வடித்த திரவத்தை வைத்துக் காட்டினார்கள். எலிகளில் பின்னர் நடந்த தடமறிதல் ஆய்வுகள், பெரும்பாலானவை கீழடுக்கில் ஏற்கனவே இருந்த ஃபைப்ரோபிளாஸ்ட்கள் என்ற இணைப்புத் திசு அணுக்கள்தான் என்றன. வீட்டில் பை மாற்றுபவருக்கு இந்த வழக்கின் தீர்ப்பு தேவையில்லை. இரு தரப்புக்கும் உத்தரவு போடுவது டிஜிஎஃப்-பீட்டாதான். அதை எழுப்பிவிடுவது சர்க்கரையும் தொற்றும்.

தொற்றின் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரிடோனைட்டிஸ், அதாவது வயிற்றுச் சவ்வில் தொற்று, வந்தால் முதல் சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து கிருமியைத் தின்கின்றன. பிறகு அவை விலகி, சுத்தம் செய்யும் ஒற்றைக்கரு அணுக்கள் வரவேண்டும். இந்தக் கைமாற்றத்தை நடத்துவதும் இன்டர்லியூகின்-6 தான். ஒழுங்காக நடந்து முடிந்தால் சவ்வு பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். முடியும் முன்பே அடுத்த தாக்குதல் வந்தால் நிலைமை வேறு. கார்டிஃப் பல்கலைக்கழகக் குழு 2014-இல் எலிகளில் வாரம் ஒருமுறை வீதம் நான்கு முறை பாக்டீரியாச் சாற்றைச் செலுத்தி இதைக் காட்டியது. திரும்பத் திரும்ப வந்த அழற்சியில் டி அணுக்கள் (எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகை) இன்டர்ஃபெரான்-காமா என்ற தூதைச் சுரக்கும் வகைக்குச் சாய்ந்தன, தழும்பு விழுந்தது. இன்டர்லியூகின்-6 இல்லாத எலிகளில் விழவில்லை. இதோடு, இன்டர்லியூகின்-17 சுரக்கும் டி அணுக்கள் தழும்புப் பக்கம் தள்ளுகின்றன. ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள் பிரேக் போடுகின்றன. சர்க்கரையும் அமிலமும் மிகுந்த திரவமோ கிருமியைக் கொல்லும் திறனைக் குறைக்கிறது, தழும்புத் தூதுகளைக் கூட்டுகிறது.

ஆக, வேலை மூன்று: சவ்வு பார்க்கும் சர்க்கரையைக் குறைப்பது, தொற்றைத் தடுப்பது, வந்த தொற்றை முதல் நாளிலேயே அடக்குவது.

சர்க்கரைக் கணக்கு எழுதுவது

ஒரு நோட்டு போடுங்கள். 2 லிட்டர் 1.5% பை என்றால், நீர் சேர்ந்த டெக்ஸ்ட்ரோஸ் கணக்கில், 30 கிராம் சர்க்கரை, 2.5% என்றால் 50, 4.25% என்றால் 85. பல கம்பெனிகளில் மஞ்சள், பச்சை, சிவப்பு என்ற வரிசை இருந்தாலும் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், பையில் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள். நாளின் நான்கு பையும் 1.5% என்றால் ஒரு நாளுக்கு 120 கிராம். அதில் இரண்டை 4.25% ஆக்கினால் 230. மாத இறுதியில் நாள் சராசரியைப் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். சராசரி மெல்ல ஏறுகிறது என்றால் அதுவே முதல் எச்சரிக்கை. வடித்த நீரின் அளவு குறையாததுபோல் தெரியும், ஏனென்றால் சர்க்கரையைக் கூட்டி அதே நீரை வாங்கிக்கொண்டிருப்பீர்கள்.

நீர் எவ்வளவு இறங்கியது என்பதை அளப்பதில் பலரும் பிழை செய்கிறார்கள். 2 லிட்டர் என்று எழுதிய பையில் கொஞ்சம் கூடுதலாகவே நிரப்பியிருப்பார்கள். குழாயைக் கழுவிவிடப் போகும் திரவமும் அதிலிருந்துதான் போகிறது. அதனால் "வடிந்தது 2200, உள்ளே போனது 2000, இறங்கியது 200" என்ற கணக்கில் பொய் சேர்ந்துவிடும். சரியான வழி இது: மேலுறையைப் பிரித்தபின், இணைக்கும் முன், புதுப்பை, காலிப்பை, குழாய் எல்லாம் சேர்த்து ஒரு எடை. எல்லாம் முடிந்து கழற்றியபின் அதே செட் முழுதும் இன்னொரு எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் அந்த மாற்றத்தில் (ஒருமுறை வடித்துப் புதிதாக ஏற்றுவதில்) நிகரமாக இறங்கிய நீர். முன்பு 2.25 கிலோ, பின்பு 2.50 கிலோ என்றால் 250 மி.லி. கழுவிய திரவமும் பையில் மிஞ்சியதும் இருபுறமும் இருப்பதால் தானாகக் கழிந்துவிடும். நாளின் எல்லா மாற்றங்களையும் கூட்டினால் அன்றைய மொத்தம். ஒரு மாற்றத்தின் எண் மட்டும் குறைவாக இருந்தால் பயப்பட வேண்டாம், கூட்டுத்தொகையைப் பாருங்கள்.

சிவப்புப் பையைத் தேவைப்படுத்துவது பெரும்பாலும் உப்பு. 9 கிராம் உப்பு ஒரு லிட்டர் நீரைப் பிடித்து வைக்கும். சலைன் பாட்டிலின் கணக்கே அதுதான். நாளுக்கு மொத்தம் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் மட்டம், சமையலில் போட்டதும் சேர்த்து. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், பாக்கெட் மிக்சர் ஆகியவை வீட்டில் இருந்தால் இந்த 5 கிராம் நிற்காது. கடையில் விற்கும் லோ சோடியம் உப்பில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். உப்பைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் குறைக்கச் சொல்வது பயன் தராது, தாகம் விடாது.

சர்க்கரையைக் குறைக்கிறோம் என்று நீரை உடம்பில் தேக்கிவிடக் கூடாது. இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2013-இல் வெளியான ஆய்வில், சர்க்கரைநோயும் உள்ள டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் குளுக்கோஸ் குறைந்த பைகளின் திட்டம் கொடுத்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை நன்றாக இறங்கியது. ஆனால் அந்தக் குழுவில் கடுமையான பாதிப்புகளும் இறப்புகளும் கூடுதலாக இருந்தன. நீர் தேங்கியதால் வந்தவையும் அவற்றில் உண்டு. கால் வீங்கியிருக்கும்போது, படுத்தால் மூச்சு முட்டும்போது, சிவப்புப் பை போடத்தான் வேண்டும். சவ்வைக் காப்பாற்ற இதயத்தை விலையாகக் கொடுக்க முடியாது.

திரவத்தின் வகை

இரவு முழுதும் அல்லது பகல் முழுதும் தங்கும் நீண்ட மாற்றத்துக்குக் குளுக்கோஸ் பை பொருத்தமில்லை. சில மணி நேரத்தில் சர்க்கரை உறிஞ்சப்பட்டு, இறங்கிய நீரும் திரும்ப உள்ளே போகும். அந்த இடத்துக்கு 7.5% ஐகோடெக்ஸ்ட்ரின் இருக்கிறது. பெரிய மாவுச்சத்து மூலக்கூறு என்பதால் மெதுவாகத்தான் உறிஞ்சப்படும். 8 முதல் 16 மணி நேரம் வரை நீரை இழுக்கும். நாளுக்கு ஒரு பை மட்டும். விலை கூடுதல், எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

ஐகோடெக்ஸ்ட்ரின் போடுபவர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது: அது சிதைந்து ரத்தத்தில் மால்டோஸ் ஆகிறது. ஜிடிஎச்-பிக்யூக்யூ (GDH-PQQ) வகை ஸ்ட்ரிப் உள்ள குளுக்கோமீட்டர் அதையும் குளுக்கோஸ் என்று எண்ணிப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். மீட்டர் 220 காட்டும், உண்மையில் 60 இருக்கும், அதை நம்பி இன்சுலின் போட்டுவிடுவார்கள். உங்கள் ஸ்ட்ரிப் எந்த வகை என்று டப்பாவில் பாருங்கள். வேறு ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் இதைச் சொல்லுங்கள். ஒரு சீட்டில் எழுதிப் பர்சில் வைப்பது நல்லது. கணையப் பரிசோதனையில் அமைலேஸ் அளவும் பொய்யாகக் குறைந்து காட்டும், லைபேஸ்தான் பார்க்க வேண்டும்.

இரட்டை அறைப் பைகளில் சர்க்கரையைத் தனி அறையில் வைத்துக் கிருமி நீக்குவதால் சிதைவுப் பொருட்கள் மிகக் குறைவு. கலந்தபின் பிஎச்சும் ரத்தத்துக்கு நெருங்கி வரும். சிறுநீர் அளவை அதிக நாள் காப்பதில் இவற்றின் பலன் நன்றாகவே நிலைநாட்டப்பட்டிருக்கிறது. சவ்வின் ஆயுள் கூடுமா என்பதில் சான்று அவ்வளவு உறுதியாக இல்லை. காசு கட்டுப்படியானால் போடலாம், கடன் வாங்கிப் போடும் அளவுக்கு அல்ல என்பது எங்கள் கருத்து. போடுபவர்கள் நடுத்தடுப்பை உடைத்து இரு அறையும் முழுதாகக் கலந்ததைப் பார்த்தபின்தான் இணைக்க வேண்டும். உடைக்காமல் ஏற்றினால் கலக்காத கரைசல் நேராக வயிற்றுக்குள் போகும்.

பையைச் சூடாக்குவது உலர்ந்த சூட்டில்: வார்மர் அல்லது ஹீட்டிங் பேட். வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டால் மூட்டுப் பகுதியில் ஈரம் தங்கிக் கிருமி ஏறும். மைக்ரோவேவில் சூடு சீராக ஏறாது, சர்க்கரையும் மேலும் சிதையும்.

பை மாற்றும்போது

நர்ஸ் சொல்லிக்கொடுத்த வரிசையை மாற்றாதீர்கள். தவறு நடப்பது பெரும்பாலும் ஆறாவது மாதத்துக்குப் பிறகு, கை பழகி மனம் வேறெங்கோ இருக்கும்போது.

மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலையும் கதவையும் சாத்தி, மாஸ்க் போட்டபின் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவி, கையை முழுதாகத் துடைத்து, அதன்பின் ஆல்கஹால் ரப். ஈரக் கையில் ரப் போட்டால் நீர்த்துப்போய்ப் பலன் குறையும். இணைத்ததும் முதலில் வடிய விடுங்கள், 20 முதல் 30 நிமிடம். பிறகு புதுப்பையிலிருந்து காலிப்பைக்கு மெதுவாக ஐந்து எண்ணும் வரை திரவத்தை ஓடவிடுங்கள். இணைக்கும்போது நுனியில் கிருமி பட்டிருந்தால் அது வயிற்றுக்குப் போகாமல் காலிப்பைக்கு அடித்துச் செல்லப்படும். இந்த ஐந்து எண்ணிக்கையைச் சுருக்குவது ஒரு கெட்ட சிக்கனம்.

டியூபின் நுனி கையிலோ தரையிலோ பட்டுவிட்டால் திரவத்தை உள்ளே விடவே கூடாது. டிரான்ஸ்ஃபர் செட்டின் (வயிற்றுக் குழாயோடு எப்போதும் இருக்கும் இணைப்புக் குழாயின்) திருகை மூடி, புது மூடி போட்டு, உடனே யூனிட்டுக்குப் போன் செய்யுங்கள். செட்டை மாற்றி, தேவைப்பட்டால் தடுப்பு ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு மறுபடி இணைப்பது தீர்வாகாது. ஒன்றும் ஆகாதபோதும் டிரான்ஸ்ஃபர் செட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

குழாய் வெளிவரும் இடத்தைத் தினம் பாருங்கள், தினம் சுத்தம் செய்து மருத்துவர் எழுதிய ஆன்டிபயாடிக் கிரீமைப் பூசுங்கள். குளம், ஆறு, கிணற்றுக் குளியல் வேண்டாம். பூனை, நாய் இருந்தால் பை மாற்றும் அறைக்குள் விடாதீர்கள். பூனை கடித்து ஓட்டையான குழாய் வழியாகப் பெரிடோனைட்டிஸ் வருவது மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவான சங்கதி.

மலச்சிக்கலை யாரும் இதோடு சேர்த்து யோசிப்பதில்லை. குடல் அசையாமல் கிடந்தால் குடலுக்குள் இருக்கும் கிருமி சுவரைத் தாண்டிச் சவ்வுக்கு வரும். லாக்டுலோஸ் போன்றதை எழுதி வாங்கித் தினம் ஒருமுறையாவது மலம் கழியுமாறு பாருங்கள். ரத்தப் பொட்டாசியம் மிகக் குறைந்தாலும் குடல் மந்தமாகும், பெரிடோனைட்டிஸ் ஆபத்தும் கூடும். ரத்தச் சுத்திகரிப்பு டயாலிசிஸ் செய்பவருக்குச் சொன்ன "இளநீர், பழம் தொடாதே" உங்களுக்கு அப்படியே பொருந்தாமல் போகலாம். ரிப்போர்ட்டைப் பார்த்து டயட்டீஷியன் சொல்லட்டும். கொலோனோஸ்கோபி அல்லது கர்ப்பப்பைச் சிகிச்சை இருந்தால் முன்கூட்டி ஆன்டிபயாடிக் வேண்டும், வயிற்றையும் வடித்துவிட்டுப் போக வேண்டும்.

பை கலங்கினால்

வடித்த பையின் பின்னால் செய்தித்தாளை வையுங்கள். எழுத்து படிக்க வராவிட்டால் கலங்கல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வலி இல்லாவிட்டாலும், காய்ச்சல் இல்லாவிட்டாலும், வேறு நிரூபணம் வரும்வரை அது பெரிடோனைட்டிஸ். "அடுத்த பை எப்படி வருகிறது பார்ப்போம்" என்று காத்திருக்கும் நேரத்தில்தான் தழும்பின் விதை விழுகிறது.

கலங்கிய பையைக் கொட்டாதீர்கள். கிளாம்ப் போட்டு, பையோடு கிளம்புங்கள், 6 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போகும்படி. தூரம் அதிகம் என்றால் போனில் கேட்டுக்கொண்டு நகருங்கள். அங்கே இரண்டு பரிசோதனைகள் கட்டாயம். ஒன்று அணு எண்ணிக்கை: குறைந்தது 2 மணி நேரம் வயிற்றில் இருந்த திரவத்தில் மைக்ரோலிட்டருக்கு 100-க்கு மேல் வெள்ளணு, அதில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில். மற்றது கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்ப்பது: ரத்தக் கல்ச்சர் பாட்டில்களில் ஒவ்வொன்றிலும் 5 முதல் 10 மி.லி. திரவம் விட வேண்டும். சாதாரண டப்பாவில் கொஞ்சம் எடுத்து அனுப்பினால் கிருமி பிடிபடாமல் போகும் வாய்ப்பு அதிகம். எந்த மருந்து கேட்கும் என்று தெரியாமல் நாட்கள் வீணாகும். ஏற்கனவே கைவசம் இருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையை வீட்டிலேயே விழுங்கிவிட்டுப் போனாலும் அதே கதிதான். சாம்பிள் எடுத்த உடனே, ரிசல்ட்டுக்குக் காத்திராமல், வயிற்றுக்குள்ளேயே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். கூடவே பூஞ்சைத் தடுப்பு மருந்தும். வெள்ளை நூல்போல ஃபைப்ரின் என்ற உறைநார் வந்தால் பையில் உறைவைத் தடுக்கும் ஹெபாரின் சேர்ப்பார்கள், பொதுவாக லிட்டருக்கு 500 யூனிட்.

மூன்றாம் நாள் மறுபடி எண்ணச் சொல்லுங்கள். அன்றைக்கு எண்ணிக்கை 1090-க்கு மேல் நின்றால் சிகிச்சை தோற்கும் வாய்ப்பு அதிகம் என்று ஹாங்காங் ஆய்வு ஒன்று காட்டியது. சரியான மருந்து கொடுத்து ஐந்து நாளாகியும் தெளியாமல், எண்ணிக்கையும் இறங்காமல் இருந்தால் குழாயை எடுக்க வேண்டும். பூஞ்சை என்றால் உடனே. குழாயை எடுக்கச் சொல்லும்போது குடும்பங்கள் கெஞ்சுவதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் குழாயைக் காப்பாற்றப் பார்த்துச் சவ்வை இழப்பார்கள். குழாயைப் பிறகு வேறு இடத்தில் போடலாம்.

கல்ச்சரில் எதுவும் வளராமல், நியூட்ரோஃபில் இல்லாமல் லிம்ஃபோசைட் என்ற வேறு வகை வெள்ளணு கூடி, மாலைக் காய்ச்சலும் இருந்தால் நம் ஊரில் காசநோயை நினைக்க வேண்டும். கலங்கலெல்லாம் தொற்றல்ல என்பதும் உண்மை. சில ரத்த அழுத்த மாத்திரைகள், குறிப்பாக லெர்கானிடிபின், வலியில்லாமல் பால்போல வெளுத்த திரவத்தைத் தரும். மாதவிடாய் நாட்களில் இளஞ்சிவப்பு வரலாம். இவற்றை முடிவு செய்வது ஆய்வகம்தான்.

சிறுநீரைக் காப்பது

நாளுக்கு அரை லிட்டர் சிறுநீர் போகிறது என்றால் அந்த அரை லிட்டருக்குச் சர்க்கரை தேவையில்லை. சிவப்புப் பையைத் தள்ளிவைக்கும் மலிவான வழி இதுதான். மாதம் ஒருமுறை 24 மணி நேரச் சிறுநீரை அளந்து எழுதுங்கள். ஏசிஇ தடுப்பான் அல்லது ஏஆர்பி வகை அழுத்த மாத்திரைகள் மிச்சச் சிறுநீரகச் செயல்பாட்டைக் காக்கின்றன. உங்கள் மருந்துச் சீட்டில் இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். ஃபுரோசமைடு சிறுநீர் அளவைக் கூட்டும், ஆனால் சிறுநீரகத்தைக் காக்காது. முழங்கால் வலிக்கு மெடிக்கலில் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் வேண்டாம். வாந்தி பேதியில் உடம்பு வற்றும்போது வழக்கமான அடர்த்திப் பையைப் போட்டு மேலும் நீரை இறக்கினால் மிச்சமிருக்கும் சிறுநீரகமும் போகும். அன்றே போன் செய்து பையை மாற்றிக் கேளுங்கள்.

சவ்வின் நிலையை அளப்பது

பெட் (PET) எனப்படும் சவ்வுப் பரிசோதனையை, டயாலிசிஸ் தொடங்கிய 6 முதல் 12 வாரத்துக்குள் ஒருமுறை செய்து அடிப்படை எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும். பெரிடோனைட்டிஸ் வந்தால் ஆறி ஒரு மாதம் கழித்துத்தான் செய்ய வேண்டும், இல்லையென்றால் எண் பொய் சொல்லும். நான்கு மணி நேரம் திரவம் தங்கியபின் அதிலுள்ள கிரியேட்டினினை ரத்தக் கிரியேட்டினினால் வகுப்பார்கள். திரவத்தில் 6, ரத்தத்தில் 8 என்றால் 0.75. 0.81-க்கு மேல் வேகமான சவ்வு, 0.5-க்குக் கீழ் மெதுவான சவ்வு. ஆய்வகம் ஜாஃபே முறையில் அளந்தால் திரவத்திலுள்ள சர்க்கரை கிரியேட்டினினைக் கூட்டிக் காட்டும். திருத்தம் செய்தார்களா என்று கேட்கலாம்.

வேகமான சவ்வு என்றாலே தழும்பு என்று அர்த்தமில்லை. குழாய்கள் கூடியிருக்கின்றன, அவ்வளவே. குறுகிய நேர மாற்றங்கள், இரவு முழுதும் சைக்கிளர் (தானாகப் பை மாற்றும் இயந்திரம்), நீண்ட நேரத்துக்கு ஐகோடெக்ஸ்ட்ரின் என்று சமாளிக்கலாம். தழும்பைக் கண்டுபிடிக்க 4.25% பையில் செய்ய வேண்டும். நான்கு மணி நேரத்தில் 400 மி.லி.கூட இறங்கவில்லை என்றால் சவ்வு தோற்கிறது. ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் திரவம் எடுத்துச் சோடியம் பார்த்தால் இன்னும் தெளிவு. நல்ல சவ்வில் முதல் மணியில் வெறும் நீர் நுண்துளைகள் வழியே பாய்ந்து வந்து பையின் சோடியத்தை நீர்த்துப்போக வைக்கும். அந்தச் சரிவு 5 மில்லிமோலோ அதற்குக் கீழோ என்றால் நீர் வரும் பாதை அடைபடுகிறது. வருடம் ஒருமுறை இதைச் செய்து, பழைய எண்ணின் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

தழும்பைத் தடுக்க ஆய்வில் இருப்பவை பல: திரவத்தில் அலனில்-குளுட்டமின் சேர்ப்பது, ஸ்பைரோனோலாக்டோன், ஒழுங்குபடுத்தும் டி அணுக்களைத் தூண்டுவது என்று. எலியில் வேலை செய்த பொருட்களின் பட்டியல் இன்னும் நீளம். எதையும் இணையத்தில் பார்த்து வாங்கிச் சாப்பிட வேண்டாம். கன உலோகம் கலந்த சூரணங்களைச் சிறுநீர் வழியே வெளியேற்ற உங்கள் மிச்சச் சிறுநீரகத்தால் முடியாது.

குடலைச் சுற்றிக் கூடு கட்டும்போது

மிகச் சிலருக்கு, பெரும்பாலும் ஐந்து வருடத்துக்குப் பிறகு, தழும்பு குடலையே உறைபோட்டு இறுக்கும். வருடம் கூடக்கூட ஆபத்தும் கூடும். ஆனால் ஐந்து வருடம் ஆனதால் மட்டும் நன்றாக வேலை செய்யும் சவ்வைக் கைவிட வேண்டியதில்லை. வயது, மாற்றுச் சிறுநீரக வாய்ப்பு, பெட் எண் எல்லாம் சேர்த்து மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டும்.

அறிகுறிகள் சாதாரணமாகவே தொடங்கும்: கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்த உணர்வு, குமட்டல், விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, எடை குறைவு, காரணமில்லாமல் ரத்தம் கலந்த திரவம். கேஸ் என்று மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் தள்ளுவார்கள். சிடி ஸ்கேனில் சவ்வு தடித்திருப்பதும், சுண்ணாம்பு படிந்திருப்பதும், குடல் ஒரே கட்டாக இழுபட்டிருப்பதும் தெரியும். முதலில் ஊட்டச்சத்தைச் சரிசெய்வார்கள், சிலருக்கு ஸ்டீராய்டு அல்லது டமாக்சிஃபென் கொடுப்பார்கள். அடைப்பு தொடர்ந்தால் உறையை உரித்தெடுக்கும் அறுவைச் சிகிச்சை; அதில் பழகிய சர்ஜன் இருக்கும் இடத்தில்தான் செய்ய வேண்டும்.

பலருக்கு இது வெளிப்படுவது பை போடுவதை நிறுத்தியபின். ரத்தச் சுத்திகரிப்புக்கு மாறிய பிறகோ, மாற்றுச் சிறுநீரகம் வைத்த பிறகோ. தினமும் கழுவிக்கொண்டிருந்த திரவம் நின்றதும் ஃபைப்ரின் உள்ளேயே தங்கிவிடுகிறது. அதனால் குழாயை எடுத்தபின்னும், முதல் சில வருடங்களுக்கு, வாந்தியோ எடைக்குறைவோ என்று எந்த மருத்துவரைப் பார்த்தாலும் "இத்தனை வருடம் வயிற்று டயாலிசிஸ் செய்தேன், இத்தனை முறை பெரிடோனைட்டிஸ் வந்தது" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பழைய நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள், அந்த இரண்டு எண்களும் அதில்தான் இருக்கும்.